மாசத்துக்கு நாலு மணி நேரம்தான் இருக்கு: உங்க பணத்துல எதை முதல்ல பார்க்கணும்?



ஒரு சின்ன கணக்கோட ஆரம்பிக்கலாம். நீங்க மாசம் 5,000 ரூபாய் எஸ்ஐபி போடுறீங்க. இப்பதான் ஆரம்பிச்ச முதல் வருஷம். ஒரு ஃபண்ட் 12% தருது, இன்னொண்ணு 14% தருதுன்னு வெச்சுக்கோங்க. அந்த 14% ஃபண்டைத் தேடிப் பிடிக்கறதுக்காக வாராவாரம் ஞாயித்துக்கிழமை ரெண்டு மணி நேரம் வீடியோ பார்க்கிறீங்க, ரேங்கிங் பார்க்கிறீங்க, நாலு ஆப்ல ஒப்பிட்டுப் பார்க்கிறீங்க. வருஷத்துக்கு 100 மணி நேரம். கடைசியில சரியான ஃபண்டையே பிடிச்சிட்டீங்க, ரொம்ப சந்தோஷம். வருஷக் கடைசியில உங்களுக்குக் கிடைச்ச கூடுதல் லாபம் எவ்வளவு தெரியுமா? சுமார் 700 ரூபாய். அதாவது மணிக்கு 7 ரூபாய். நம்ம ஊர்ல ஒரு டீ கூட அந்த விலைக்குக் கிடைக்காது.

அதே ஆள், எந்த ஃபண்டையும் மாத்தாம, எஸ்ஐபியை மாசம் 1,000 ரூபாய் மட்டும் ஏத்தியிருந்தா? வருஷத்துக்கு 12,000 ரூபாய் கூடுதலா சேர்ந்திருக்கும். ஆப்ல அதைச் செய்ய எடுக்கிற நேரம் ரெண்டு நிமிஷம்.

நான் ஃபண்ட் ஆராய்ச்சி தப்புன்னு சொல்ல வரலை. 25, 28 வயசுல, கையில 1 லட்சமோ 2 லட்சமோ இருக்கும்போது, அது உங்க நேரத்தைக் கேட்கிற வேலை இல்லைன்னு சொல்றேன். உங்ககிட்ட 50 லட்சம் சேர்ந்த பிறகு 1% வித்தியாசம்கிறது வருஷத்துக்கு 50,000 ரூபாய். அப்போ உட்கார்ந்து பாருங்க, தாராளமா பாருங்க. இப்போ இல்லை.

சம்பளத்துக்கு வேலை செய்யிற ஒருத்தருக்கு, ஆபீஸ், பஸ், டிராஃபிக், தூக்கம் எல்லாம் போக, சொந்தப் பண விஷயத்துக்குன்னு மாசத்துக்கு எவ்வளவு நேரம் கிடைக்கும்? நிஜமா சொன்னா நாலு மணி நேரம் கிடைச்சாலே பெரிசு. அந்த நாலு மணி நேரத்தை எங்கே போடறதுன்னுதான் இந்தப் பதிவு.

ஆடிட்டர் எல்லா வவுச்சரையும் பார்க்கிறதில்லை

எங்க தொழில்ல இதுக்கு ஒரு பழைய பதில் இருக்கு. ஒரு கம்பெனியில வருஷத்துக்கு லட்சக்கணக்கான என்ட்ரி இருக்கும். செப்டம்பர் மாசக் கடைசித் தேதி தலைக்கு மேல தொங்கும். எல்லா பில்லையும் பார்க்கிறது நடக்கிற காரியமா? அதனால ஆடிட்ல நாங்க முதல்ல செய்யிற வேலைகள்ல ஒண்ணு, மெட்டீரியாலிட்டின்னு ஒரு எல்லைக்கோடு போடறது. இதுக்குன்னே எஸ்ஏ 320ன்னு ஒரு தனி ஸ்டாண்டர்டு இருக்கு. எளிமையா சொன்னா, இந்தத் தொகைக்கு மேல தப்பு இருந்தா, கணக்கைப் படிக்கிறவரோட முடிவே மாறிடும். அதுக்குக் கீழேன்னா மாறாது. அந்தக் கோட்டை எங்கே போடறதுன்னு ஸ்டாண்டர்டு ஒரு எண்ணைச் சொல்லித் தரலை. வரிக்கு முந்தைய லாபத்துல 5%ன்னு நடைமுறையில பலர் எடுத்துப்பாங்க, அது ஆடிட்டரோட முடிவுதான்.

கோடு போட்ட பிறகு வேலை சுலபமாயிடும். 300 ரூபாய் ஆட்டோ பில்லுக்கு கையெழுத்து இல்லைன்னு அரை நாள் சண்டை போட மாட்டோம். 40 லட்ச ரூபாய் டெப்டார் பேலன்ஸ் மூணு வருஷமா நகராம நிக்குதேன்னு அங்கே போய் உட்காருவோம்.

இன்னொரு பாதியும் இருக்கு, பலர் அதை விட்டுடுவாங்க. தொகை சின்னதா இருந்தாலும் அதோட தன்மையினால முக்கியமாகிற விஷயங்கள் உண்டு. டைரக்டர் தன் சொந்தக்காரருக்குக் கொடுத்த பணம், சட்டப்படி கட்ட வேண்டியது கட்டாம இருக்கிறது, இப்படி. அங்கே தொகையைப் பார்த்து ஒதுக்க முடியாது.

இதை அப்படியே உங்க வீட்டுக் கணக்குக்குக் கொண்டு வாங்க. என்னோட யோசனை, உங்க வருஷச் சம்பளத்துல 1%ஐக் கோடா வெச்சுக்கோங்க. 6 லட்சம் சம்பளம்னா 6,000 ரூபாய், அதாவது மாசத்துக்கு 500. வருஷத்துக்கு அதுக்குக் கீழே மாத்தம் தர்ற எந்த விஷயத்துக்கும் பத்து நிமிஷத்துக்கு மேல கிடையாது. மேல இருக்கிறதுக்கு உட்கார்ந்து நேரம் கொடுங்க. இந்த 1% எந்தப் புத்தகத்துலயும் இல்லை, 2%ன்னு வெச்சுக்கிட்டாலும் ஒண்ணும் கெட்டுப் போகாது. கோடுன்னு ஒண்ணு இருக்கணும், அவ்வளவுதான்.

கோட்டுக்குக் கீழே விழுறது

கிரெடிட் கார்டு கேஷ்பேக் முதல்ல விழும். மாசம் 20,000 ரூபாய் கார்டுல செலவு பண்றீங்க. 1% கார்டை விட்டுட்டு 2% கார்டுக்கு மாறினா மாசத்துக்கு 200 ரூபாய். ஒரு தடவை மாறினா சரி. ஆனா எந்தக் கார்டுல எந்தக் கிழமை என்ன ஆஃபர்னு எக்ஸெல் ஷீட் போட்டு வெச்சிருக்கிறவங்களை எனக்குத் தெரியும். அதே ஷீட்ல மினிமம் டியூ காலம் இருந்ததையும் பார்த்திருக்கேன்!

அந்த மினிமம் டியூ கோட்டுக்கு மேல இருக்கிற விஷயம். 40,000 ரூபாய் பாக்கி, மாச வட்டி 3.5%ன்னு வைங்க. வட்டி 1,400. அது மேல 18% ஜிஎஸ்டி 252. மொத்தம் 1,652. நீங்க 5% மினிமம் டியூ 2,000 ரூபாய் கட்டினா, அசல்ல குறைஞ்சது வெறும் 348 ரூபாய். அதோட முழுப் பாக்கியும் கட்டாத மாசத்துல, புதுசா வாங்கின பொருளுக்கும் வட்டியில்லா நாட்கள் போயிடும், வாங்கின தேதியிலேர்ந்தே வட்டி ஓடும். கார்டு பாக்கி இருக்கிறவங்க இந்தப் பதிவுல மீதியைப் படிக்கிறதுக்கு முன்னாடி அதை எப்படி மூடலாம்னு பாருங்க. வங்கியில வட்டி குறைஞ்ச பர்சனல் லோன் எடுத்தாவது மூடலாம். எந்த எஸ்ஐபியும் வருஷத்துக்கு 42% தர்றதில்லை.

அடுத்தது ஐபிஓ. சில்லறை முதலீட்டாளருக்கு ஒரு லாட்டு சுமார் 15,000 ரூபாய். கிடைக்கிறது குலுக்கல் மாதிரி. கிடைச்சு 10% ஏறினா 1,500 ரூபாய். கிரே மார்க்கெட் பிரீமியம் என்னன்னு ராத்திரி 11 மணி வரைக்கும் தேடினா, அது பொழுதுபோக்கு. பொழுதுபோக்குன்னு ஒத்துக்கிட்டா எனக்கு ஆட்சேபணை இல்லை, கிரிக்கெட் பார்க்கிற மாதிரிதான் அது.

எஃப் அண்ட் ஓ பத்தி ரெண்டு வரி. செபி 2024 செப்டம்பர்ல வெளியிட்ட ஆய்வுப்படி, 2021-22லேர்ந்து 2023-24 வரை மூணு வருஷத்துல தனிநபர் டிரேடர்கள்ல 93% பேருக்கு நஷ்டம். சராசரியா ஆளுக்கு சுமார் 2 லட்சம். இதுல யாரும் கணக்குல சேர்க்காத ஒண்ணு நேரம். எஃப் அண்ட் ஓ, இன்ட்ராடே எல்லாம் வியாபார வருமானம். ஒரே ஒரு மாசம் விளையாட்டா பண்ணி 3,000 ரூபாய் நஷ்டமானாலும், சாதாரண ஐடிஆர்-1ல முடிய வேண்டிய உங்க ரிட்டர்ன் ஐடிஆர்-3க்குப் போயிடும். ஜூலை மாசம் என்கிட்ட வர்ற பசங்க பலருக்கு அங்கேதான் முகம் மாறும். நஷ்டத்தைக் காட்டுறதுக்கு ஃபீஸ் வேற கட்டணும்.

மார்ச் மாச ஓட்டம்

இது தனியா சொல்ல வேண்டிய விஷயம். ஒவ்வொரு மார்ச்லயும் இளைஞர்கள் பெரிய அளவுல நேரத்தையும் பணத்தையும் ஒண்ணா விடுற இடம் வரி சேமிப்பு.

2025-26 நிதியாண்டு கணக்கைப் பாருங்க. புது வரி முறையில 12 லட்சம் வரைக்கும் வரி தள்ளுபடி. ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன் 75,000. ஆக, வேற வருமானம் இல்லாத சம்பளக்காரருக்கு 12.75 லட்சம் வரைக்கும் வரி பூஜ்யம். உங்க சம்பளம் 8 லட்சம்னா, மார்ச் 25ஆம் தேதி ஏஜென்ட் கொண்டு வர்ற பாலிசியால மிச்சமாகிற வரி எவ்வளவு? பூஜ்யத்துலேர்ந்து எதைக் கழிச்சாலும் பூஜ்யம்தான். ஆனா அந்த பாலிசி பிரீமியம் அடுத்த 15 வருஷம் உங்களைத் துரத்தும். புது முறையில 80சி கழிவே கிடையாதுங்கிறது இன்னும் நிறைய பேருக்குத் தெரியலை.

ஒரு எச்சரிக்கை. ஷேர், மியூச்சுவல் ஃபண்ட் வித்த லாபத்துக்குத் தனி வரி விகிதம். அதுக்கு இந்தத் தள்ளுபடி பொருந்தாது. "12 லட்சம் வரைக்கும் வரியே இல்லையே"ன்னு நம்பி குறுகிய கால லாபத்தை எடுத்துட்டு, பிறகு 20% கட்டச் சொன்னா சண்டைக்கு வராதீங்க.

சம்பளம் அதுக்கு மேல இருந்தா? 15 லட்சம் எடுத்துப்போம். புது முறையில 75,000 போக 14.25 லட்சம். வரி 93,750, செஸ் சேர்த்து 97,500. பழைய முறையில ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன் 50,000, 80சியில 1.5 லட்சம், வீட்டு வாடகைக் கழிவு 2 லட்சம், மருத்துவக் காப்பீடு 25,000 இவ்வளவும் கழிச்ச பிறகும் 10.75 லட்சம் நிக்குது. வரி செஸ்ஸோட 1,40,400. இவ்வளவு கழிவு காட்டியும் பழைய முறையில 42,900 ரூபாய் அதிகம். வீட்டுக்கடன் வட்டி, பெரிய வாடகை எல்லாம் இருக்கிறவங்களுக்கு விடை மாறலாம். வருமான வரித்துறை இணையதளத்துலயே கால்குலேட்டர் இருக்கு, பத்து நிமிஷத்துல தெரிஞ்சிடும்.

பழைய முறைதான் லாபம்னு தெரிஞ்சா மட்டும் ஒரு தேதி முக்கியம். உரிய தேதிக்குள்ள ரிட்டர்ன் போடலைன்னா, அந்த வருஷம் பழைய முறையைத் தேர்ந்தெடுக்கவே முடியாது. தாமதக் கட்டணம் 5,000ங்கிறது அதுக்கப்புறம்தான்.

தொகை தெரியாது, ஆனா முதல்ல பார்க்கணும்

ஆடிட்ல தன்மையினால முக்கியமாகிறதுன்னு சொன்னேன்ல, அது இதுதான்.

உங்க பிஎஃப் கணக்குல நாமினி யாரு? கொஞ்சம் யோசிச்சுச் சொல்லுங்க. பேசிக் 25,000ன்னா, உங்க பங்கு 12% மாசம் 3,000. கம்பெனி பங்கு 3,000ல 1,250 பென்ஷனுக்குப் போய், 1,750 பிஎஃப்ல சேரும். ஆக மாசம் 4,750, வருஷத்துக்கு 57,000. நாலு வருஷத்துல வட்டி இல்லாமலே 2.28 லட்சம். பலருக்கு அவங்களோட எல்லா முதலீட்டையும்விட இது பெரிசு. இதோட இடிஎல்ஐன்னு ஒரு காப்பீடும் ஒட்டி வருது. பணியில இருக்கும்போது இறந்துட்டா குடும்பத்துக்கு அதிகபட்சம் 7 லட்சம் வரை. அதுக்கு உங்க சம்பளத்துலேர்ந்து ஒரு ரூபாய் கூடப் பிடிக்கிறதில்லை, கம்பெனிதான் கட்டுது.

நாமினேஷன் இல்லைன்னா இந்தப் பணம் காணாமப் போகாது. ஆனா ஊர்ல இருக்கிற அப்பா அம்மா வாரிசுச் சான்றிதழ், அஃபிடவிட், ஆபீஸ் ஹெச்ஆர் கையெழுத்துன்னு தாலுக்கா ஆபீஸுக்கும் பிஎஃப் ஆபீஸுக்கும் அலையணும். மகன் போன துக்கத்துல இருக்கிற 60 வயசுக்காரர் அந்த வரிசையில நிக்கிறதைப் பார்த்தவங்களுக்குத் தெரியும், அது எப்படி இருக்கும்னு. உங்களுக்கு 20 நிமிஷ வேலை, அவங்களுக்கு மாசக்கணக்கு.

கல்யாணம் ஆனவங்க புதுசா ஒரு தடவை போட்டுடுங்க. கல்யாணத்துக்கு முன்னாடி போட்ட நாமினேஷன் செல்லாமப் போக இடமிருக்கு. வேலை மாறினப்போ பழைய கணக்கை மாத்தினீங்களான்னும் அப்படியே பார்த்துடுங்க. மாத்தினா பழைய கம்பெனியில வேலை பார்த்த வருஷமும் சேர்ந்து 5 வருஷக் கணக்குல வரும். 5 வருஷம் தொடர்ச்சியா முடியறதுக்கு முன்னாடி எடுத்தா அதுக்கு வரி உண்டு.

அடுத்தது அப்பா அம்மாவுக்கு மருத்துவக் காப்பீடு. "கம்பெனி இன்சூரன்ஸ்ல சேர்த்திருக்கேன் சார்"ன்னு சொல்வீங்க. நல்லது. ஆனா வேலையை விட்ட அன்னைக்கோ, கம்பெனி விலக்கின அன்னைக்கோ அது போச்சு. தனியா எடுக்கலாம்னா, ஏற்கெனவே சுகர், பிபி இருக்கிறவங்களுக்கு அதுக்கான காத்திருப்புக் காலம் 3 வருஷம் வரைக்கும் போகலாம். அதாவது இன்னைக்கு எடுத்தா 2 வருஷமோ 3 வருஷமோ கழிச்சுத்தான் அந்த நோய்க்கான செலவு கிடைக்கும். இதை ஒரு வருஷம் தள்ளிப் போட்டா, அந்த ஒரு வருஷத்தை எவ்வளவு பிரீமியம் கொடுத்தாலும் திரும்ப வாங்க முடியாது. 2025 செப்டம்பர் 22லேர்ந்து தனிநபர் மருத்துவ, ஆயுள் காப்பீட்டு பிரீமியத்துக்கு ஜிஎஸ்டி இல்லை. அதனால "விலை அதிகம்"ங்கிற சாக்கும் கொஞ்சம் குறைஞ்சிருக்கு. எந்த பாலிசின்னு ஆறு மாசம் ஆராய்ச்சி பண்றதுக்கு, ரூம் வாடகை வரம்பும் கோ-பேயும் இல்லாத ஒரு நல்ல பாலிசியை இந்த மாசமே எடுக்கிறது மேல்.

டேர்ம் இன்சூரன்ஸ் உங்க சம்பளத்தை நம்பி யாராவது இருந்தா மட்டும். இல்லைன்னா இப்போதைக்கு வேண்டாம், அந்த நேரத்தை வேற எதுக்காவது கொடுங்க.

ஒரு தடவை செஞ்சா போதும்

மியூச்சுவல் ஃபண்ட்ல ரெகுலர் பிளானா, டைரக்ட் பிளானா? இது ஒரு மணி நேர வேலை. செலவு விகிதத்துல 1% வித்தியாசம்னு வெச்சு, மாசம் 10,000 ரூபாய் 25 வருஷம் போட்டா, 12%க்கு சுமார் 1.88 கோடி, 11%க்கு சுமார் 1.58 கோடி. 30 லட்ச ரூபாய் வித்தியாசம். ஆனா ஏற்கெனவே ரெகுலர்ல இருக்கிறதை அவசரப்பட்டு மாத்தாதீங்க. மாத்தறதுன்னா வித்து வாங்கறதுதான், வரியும் எக்ஸிட் லோடும் வரலாம். புது எஸ்ஐபியை டைரக்ட்ல ஆரம்பிச்சு, பழசை நிறுத்தி வெச்சாலே போதும். உங்க டிஸ்ட்ரிபியூட்டர் மார்க்கெட் விழும்போது உங்களை விக்க விடாம பிடிச்சு நிறுத்துற ஆளா இருந்தா, அந்த 1% அவருக்குத் தகும்னும் சொல்வேன்.

சம்பளம்தான் பெரிய லெட்ஜர்

மேல சொன்னதெல்லாம் சேர்த்தா முதல் மாசம் நாலு மணி நேரம், அடுத்த மாசம் நாலு மணி நேரம். அதோட முடிஞ்சது. பிறகு வருஷத்துக்கு மூணு நாலு தடவை எட்டிப் பார்த்தா போதும். ஏப்ரல்ல ஹைக் வந்ததும் எஸ்ஐபியை ஏத்தணும், எந்த வரி முறைன்னு ஆபீஸ்ல சொல்லணும். ஜூன் 15க்குப் பிறகு ஃபார்ம் 16 வந்ததும் ஏஐஎஸ்ஸோட ஒத்துப் பார்த்து ரிட்டர்ன் போடணும். கம்பெனி இன்சூரன்ஸ் புதுப்பிக்கும்போது யார் பேர் இருக்குன்னு பார்க்கணும்.

மீதி நேரம்? அதை உங்க சம்பளத்துக்குக் கொடுங்க. மாசம் 50,000 வாங்குறவருக்கு 10% கூடக் கிடைச்சா வருஷத்துக்கு 60,000. முதல்ல பார்த்த அந்த 700 ரூபாயோட ஒப்பிட்டுப் பாருங்க. அடுத்த வருஷ ஹைக் இந்தக் கூடின தொகை மேலதான் கணக்காகும், பிஎஃப் கூடும், வேலை மாறும்போது பேச ஆரம்பிக்கிற தொகையும் கூடும். அந்த 100 மணி நேரத்துல ஒரு சர்ட்டிஃபிகேஷன் முடிக்கலாம், எக்ஸெல்லையோ எஸ்கியூஎல்லையோ ஒழுங்கா கத்துக்கலாம், இங்கிலீஷ்ல பிரசன்டேஷன் கொடுக்கிற பயத்தைப் போக்கலாம்.

ஆபீஸ்லயும் இதே கோடு பொருந்தும். அப்ரைசல் படிவத்துல போன வருஷம் என்ன எழுதினீங்கன்னு எடுத்துப் பாருங்க. அதுல வந்தது ரெண்டு மூணு வேலைதான். மீதி மெயில், மீட்டிங், "கொஞ்சம் இதையும் பார்த்துடேன்" எல்லாம் ஒரு வரியா கூட வந்திருக்காது. அதுக்காக அதையெல்லாம் செய்ய மாட்டேன்னு சொல்ல முடியாது, டீம் லீடர் சும்மா விட மாட்டார். ஆனா காலையில மூளை சுறுசுறுப்பா இருக்கிற முதல் ரெண்டு மணி நேரத்தை அந்த ரெண்டு மூணு வேலைக்குக் கொடுத்துட்டு, மெயிலை 12 மணிக்கு மேல பார்க்கிறது பெரும்பாலான ஆபீஸ்ல நடக்கிற காரியம்தான். டிரேடிங் ஆப் நோட்டிஃபிகேஷனை அணைக்கிறதும் அதுல சேர்த்தி. மணிக்கு 7 ரூபாய் தர்ற வேலை, மணிக்கு 300 ரூபாய் தர்ற வேலையைக் கெடுக்க விடலாமா?

இன்னைக்கே ஆரம்பிக்கிறவங்களுக்கு ஒரு நடைமுறைக் குறிப்பு. பிஎஃப் இ-நாமினேஷனுக்கு உட்காரும் முன்னாடி உங்க யுஏஎன், பாஸ்வேர்டு, ஆதாரோட இணைஞ்ச மொபைல் கையில இருக்கட்டும். நாமினியோட ஆதார் எண்ணும் போட்டோவும் வேணும், ஊருக்கு போன் பண்ணி வாட்ஸ்அப்ல வாங்கிக்கோங்க. உங்க ப்ரொஃபைல்ல உங்க போட்டோ ஏத்தலைன்னா அடுத்த படிக்கே விடாது. விவரத்தை சேவ் பண்ணிட்டா முடிஞ்சதுன்னு நினைச்சு பாதி பேர் வெளியே வந்துடறாங்க. ஆதார் ஓடிபி போட்டு இ-சைன் பண்ணினாத்தான் அது நாமினேஷன்.